பாலில்லாப் பீட்சாவும் பங்கிட்டு உண்ணும் பந்தியும்

பிறந்தநாள், புதுநன்மை, பங்குத் திருவிழா ஆகியவற்றின் விருந்துகளில் இன்று பீட்சாவும் இடம் பெற்றுவிட்டது. பன்னாட்டு நிறுவனங்கள் 1996ஆம் ஆண்டில் டில்லி, பெங்களூர் முதலிய பெருநகரங்களில் பீட்சாக் கடைகளைத் திறந்தபோது அது செல்வர் வீட்டுப் பிள்ளைகளின் பண்டமாக இருந்தது. இப்பொழுதோ அப்பழக்கம் சிற்றூர்களையும் எட்டிவிட்டது. சென்னையிலிருந்து திருப்பதி செல்லும் நெடுஞ்சாலையில், ஆந்திர எல்லையை ஒட்டி, முருகன் மலைக்கோயிலால் புகழ் பெற்ற திருத்தணியும் இதற்கு விலக்கன்று. பிள்ளைகள் கேட்கின்றனர், பெற்றோர் வாங்கித் தருகின்றனர். அதைக் குறை கூறுவது நம் நோக்கமன்று.

ஆனால் அந்த விருந்தைச் சற்றுக் கூர்ந்து நோக்குங்கள். பாலாடைக்கட்டி உருகி வழியும் பீட்சாவைப் பிள்ளைகள் ஆவலோடு உண்ணும்போது, ஒரு பிள்ளை மட்டும் கையைக் கட்டிக்கொண்டு ஒதுங்கி அமர்ந்திருக்கும். “இவனுக்குப் பால் சேராது” என்று தாய் மெல்லக் கூறுவாள். இன்னொரு மூலையில், இரத்தக் கொதிப்பும் கொழுப்பும் மிகுந்த தாத்தா தமக்கு இரண்டு இட்லி போதும் என்பார். சீஸ் என்னும் பாலாடைக்கட்டி இல்லாமல் பீட்சா செய்ய இயலுமா, அது உடலுக்கு நன்மை தருமா, நம் வீட்டுப் பொருள்களே அதற்குப் போதுமா என்னும் வினாக்கள் இவர்கள் பொருட்டே எழுகின்றன. விடை தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. அது நம் அடுக்களையிலேயே உள்ளது.

பால் சிலருக்கு ஏன் ஒவ்வுவதில்லை?

பாலில் இயற்கையாகவே ஒரு வகைச் சர்க்கரை உண்டு. அதனைப் பாற்சர்க்கரை அல்லது லாக்டோஸ் என்பர். அதனைச் செரிக்கச் செய்வது சிறுகுடலில் சுரக்கும் லாக்டேஸ் என்னும் நொதி. தாய்ப்பால் உண்ணும் பருவத்தில் எல்லாக் குழந்தைகளுக்கும் இந்நொதி நிறையச் சுரக்கின்றது. பால்குடி மறந்த பின்னர், உலக மக்களுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினருக்கு அதன் சுரப்புக் குறைந்துவிடுகின்றது. வட ஐரோப்பிய மக்களிடம் இக்குறை அரிது. நம் நாட்டிலோ வடக்கைக் காட்டிலும் தெற்கில் மிகுதி; 2010ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வும் இவ்வேறுபாட்டை உறுதி செய்தது. செரிக்காத பாற்சர்க்கரை பெருங்குடலைச் சேர்ந்ததும், அங்குள்ள நுண்ணுயிர்கள் அதனைப் புளிக்கச் செய்கின்றன. வயிற்று உப்புசமும் இரைச்சலும் வலியும் வயிற்றுப்போக்கும் அதன் விளைவுகள். இது நோயன்று, உடலின் இயல்பு.

பால் ஒவ்வாமை என்பது முற்றிலும் வேறு. பாலிலுள்ள கேசின் போன்ற புரதங்களை உடலின் காப்பு அமைப்பே பகையாகக் கருதி எதிர்ப்பதால் அது நேர்கின்றது. தோலில் தடிப்பு, வாந்தி, மூச்சுத் திணறல் ஆகியவை தோன்றலாம். குழந்தைப் பருவத்தில் காணப்படும் இவ்வொவ்வாமை பலருக்கு வளர வளர நீங்கிவிடும். நீங்கும்வரை ஒரு துளிப் பாலும் கேடு செய்யக்கூடும்.

இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிதல் பெற்றோர் கடன். ஏனெனில் இவற்றின் தீர்வுகள் வேறு வேறு. ஒரு தம்ளர் பாலில் ஏறத்தாழ 12 கிராம் பாற்சர்க்கரை உள்ளது. பீட்சாவில் இடும் மொசரெல்லா என்னும் பாலாடைக்கட்டியில், 100 கிராமுக்கு 1 கிராம் அளவே எஞ்சியிருக்கும். பாற்சர்க்கரை மட்டும் சேராதவர்கள் அதனைச் சிறிதளவு தாங்கிக்கொள்வர். தயிரையும் அவ்வாறே தாங்குவர், ஏனெனில் உறையிலுள்ள நுண்ணுயிர்கள் அச்சர்க்கரையில் ஒரு பகுதியை முன்னரே செரித்துவிடுகின்றன. ஆனால் புரத ஒவ்வாமை உடையவர்க்குப் பாலும் தயிரும் நெய்யும் பாலாடைக்கட்டியும் ஒருங்கே விலக்கப்பட வேண்டியவை. எது தம் பிள்ளையின் குறை என்பதை மருத்துவரிடம் கேட்டுத் தெளிவது நலம்.

பாலாடைக்கட்டியின் கணக்கு

பாலாடைக்கட்டியை நாம் பழிக்க வேண்டியதில்லை. 1970ஆம் ஆண்டில் தொடங்கிய வெண்மைப் புரட்சி எத்தனையோ ஏழைக் குடும்பங்களுக்கு வாழ்வளித்தது. ஒரு கறவை மாட்டை நம்பிப் பிள்ளைகளைப் படிக்க வைத்த தாய்மார் நம் பங்குகளிலும் பலர் உண்டு. 100 கிராம் மொசரெல்லாவில் ஏறத்தாழ 22 கிராம் புரதமும் 500 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்தும் இருக்கின்றன. இவை நற்பயன்கள்.

கணக்கின் மறுபக்கத்தையும் காண்போம். அதே 100 கிராமில் 22 கிராம் கொழுப்பு உண்டு. அதில் பாதிக்கு மேற்பட்டது, இரத்தத்தில் கொலஸ்டிராலை உயர்த்தும் நிறைவுற்ற கொழுப்பு. உப்பும் ஒரு கிராமுக்கு மேல் உள்ளது. பதப்படுத்திய பாலாடைக்கட்டி வகைகளில் அது இதனினும் மிகுதி. உலகச் சுகாதார நிறுவனமோ, வளர்ந்தவர் ஒருவர் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு உண்ண வேண்டும் என்கின்றது. ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் வழக்கமாக உண்ணும் நம் குடும்பங்களில் அவ்வளவு உப்பு ஏற்கெனவே சேர்ந்துவிடுகின்றது. எப்போதேனும் ஒரு துண்டு உண்பதால் தீங்கில்லை. வாரந்தோறும் உண்பதே சிந்திக்கத்தக்கது.

மாற்றுப் பொருளைத் தேடுமுன், பீட்சாவில் பாலாடைக்கட்டி செய்யும் பணி யாது என்று ஆராய்தல் வேண்டும். கொழுப்பினால் அது அப்பத்தின் வறட்சியைப் போக்குகின்றது. உப்பும் சிறு புளிப்பும் கொண்டு தக்காளியின் சுவைக்குத் துணை நிற்கின்றது. உருகி நீண்டு, மேலே தூவிய காய்களைப் பிணைக்கின்றது. இறுதியாக, புரதம் தந்து பசியாற்றுகின்றது. இந்நான்கு பணிகளையும் ஒரே பொருள் செய்ய வேண்டும் என்ற கட்டாயமில்லை. பாலாடைக்கட்டியைப் போலவே தோன்றும் பொருளைத் தேடுவோர் ஏமாற்றம் அடைவர். அதன் பணிகளைச் செய்யும் பொருள்களைத் தேடுவோர் நிறைவு அடைவர்.

பீட்சா பிறந்த ஊரின் சான்று

பாலாடைக்கட்டி இல்லையேல் அது பீட்சாவே அன்று எனச் சிலர் எண்ணக்கூடும். இத்தாலி நாட்டு நேப்பிள்ஸ் நகரம் இதற்கு மறுமொழி கூறுகின்றது. அந்நகரின் பழம்பெரும் பீட்சா வகைகளுள் ஒன்று ‘மரினாரா’. தக்காளி, பூண்டு, ஒரிகானோ என்னும் மணவிலை, ஒலிவ எண்ணெய் ஆகிய நான்கே அதன் மேற்பொருள்கள். பாலாடைக்கட்டி அதில் அறவே இல்லை. கடலோடிகளின் உணவாக இருந்ததால் அப்பெயர் பெற்றது என்பர். நேப்பிள்ஸ் பீட்சா செய்யும் கலையை 2017ஆம் ஆண்டில் யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றபோது, இந்த எளிய மரினாராவும் அம்மரபின் ஓர் அங்கமாக இருந்தது.

பிரெஞ்சு நாட்டு நீஸ் நகரத்திலும் இதைப் போன்றதோர் அப்பம் உண்டு. நெடுநேரம் வதக்கிய வெங்காயத்தையும் ஒலிவக் காயையும், உப்பிட்ட நெத்திலி மீனையும் அதன்மேல் இடுவர். அதிலும் பாலாடைக்கட்டி இல்லை. ஆம், நம் பழவேற்காட்டுக் கரையில் வலைப்படும் நெத்திலியின் இனமே அது!

திருச்சபையின் பழைய அடுக்களை

பாலில்லாச் சமையல் நாகரிகர் சிலரின் புதுமை என்று கருதுவதும் பொருந்தாது. கத்தோலிக்கராகிய நமக்கு அது மூதாதையர் வழக்கம். ஒருசந்தியும் சுத்தபோசனமும் இன்று நமக்கு எளிதாக்கப்பட்டுள்ளன. இடைக்கால ஐரோப்பாவிலோ தவக்காலம் முழுவதும் இறைச்சியுடன் முட்டை, பால், வெண்ணெய், பாலாடைக்கட்டி ஆகியவற்றையும் மக்கள் விலக்கி வந்தனர். நோன்பு இருப்போர் இவற்றை ஏன் விலக்க வேண்டும் என்னும் வினாவைப் புனித தோமாஸ் அக்வினாஸ் தம் இறையியல் பெருநூலில் தனியே எடுத்து ஆராய்ந்துள்ளார். பாலுக்கு ஈடாக அக்காலத்துச் சமையலறைகளில் பயன்பட்டது பாதாம் பருப்பு. அதனை ஊறவைத்து அரைத்துப் பிழிந்த பாலைக் கஞ்சியிலும் குழம்பிலும் சேர்த்தனர். இன்று கடைகளில் அழகிய பெட்டிகளில் விற்கப்படும் பாதாம் பால், உண்மையில் தவக்காலத்துப் பழம்பால்!

வெண்ணெயைத் துறக்க மனமில்லாதோரும் இருந்தனர் என்பதை வரலாறு மறைக்கவில்லை. பிரெஞ்சு நாட்டு ரூவான் பேராலயத்தில் 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டத் தொடங்கிய கோபுரம் ஒன்றுக்கு ‘வெண்ணெய்க் கோபுரம்’ என்றே பெயர். தவக்காலத்தில் வெண்ணெய் உண்ண விலக்குப் பெற்றோர் செலுத்திய காணிக்கையால் அது எழுந்தது என்பது மரபு.

1966ஆம் ஆண்டில் திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் நோன்புச் சட்டங்களைத் திருத்தியமைத்தபோது, சுத்தபோசன நாளில் இறைச்சி மட்டுமே விலக்கு. முட்டையும் பால் பொருள்களும் விலக்கல்ல என்று தெளிவாயிற்று. எனினும் கீழைத் திருச்சபைகளில் பழைய வழக்கம் இன்றும் வாழ்கின்றது. நம் அண்டை மாநிலமாகிய கேரளத்தில், சீரோ மலபார் சபையார் பலர் உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்திய ஐம்பது நோன்பில் இறைச்சி, மீன், முட்டை ஆகியவற்றோடு பாலையும் விலக்குகின்றனர். அவர்களுடைய அடுக்களையில் அந்நாள்களில் துணை நிற்பது தேங்காய். ஆகவே பாலின்றிச் சுவையாகச் சமைப்பது எங்ஙனம் என்பதைத் திருச்சபையின் தாய்மார் நூற்றாண்டுகளாக அறிந்துள்ளனர்.

எல்லைப்புறத்தின் செல்வம்

இனி நம் திருத்தணிக்குத் திரும்புவோம். தத்துவமேதை சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் 1888ஆம் ஆண்டில் பிறந்த இவ்வூர், சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்து, 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளில் தமிழகத்துடன் இணைந்தது. எல்லைக் கோடு மாறினாலும் அடுப்புகள் மாறவில்லை. தமிழும் தெலுங்கும் கலந்து ஒலிக்கும் இப்பகுதியில் இரு மொழிச் சமையலும் கலந்தே மணக்கின்றன. இட்லிக்குத் தேங்காய்ச் சட்னி அரைக்கும் வீட்டுக்கு அடுத்த வீட்டில் வேர்க்கடலைச் சட்னி அரைப்பர். ஒரு வீட்டில் எள்ளுப்பொடி என்பது மறுவீட்டில் ‘நுவ்வுலப் பொடி’. பாலாடைக்கட்டியின் பணிகளைச் செய்யவல்ல பொருள்கள் இவையே.

வேர்க்கடலையை எடுத்துக்கொள்வோம். தென் அமெரிக்காவில் தோன்றி, கடல் கடந்து வந்து, ‘மணிலாக் கொட்டை’ என்னும் பெயரும் பெற்று, நம் வானம் பார்த்த பூமியில் வேரூன்றிய பயிர் இது. நேப்பிள்ஸ் பீட்சாவுக்கு நிறம் தரும் தக்காளியும் அதே அமெரிக்க மண்ணின் கொடைதான். 100 கிராம் வேர்க்கடலையில் ஏறத்தாழ 25 கிராம் புரதம் உள்ளது. கொழுப்பு அதில் ஏறக்குறைய பாதி எனினும், அதன் பெரும்பகுதி இதயத்துக்குத் தீங்கு செய்யாத நிறைவுறாக் கொழுப்பாகும். ஏழைக் குழந்தைகளின் ஊட்டக் குறையைப் போக்க, மைசூரில் 1950ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தின் அறிஞர்கள் இக்கடலையையே நாடினர். அதன் புரதத்தை எருமைப் பாலுடன் கலந்து, குறைந்த பாலைப் பலருக்கும் பகிர்ந்தளிக்கும் ‘மில்டோன்’ என்னும் பானத்தை அவர்கள் உருவாக்கினர். வேர்க்கடலையிலிருந்து பாலின் தன்மை பெறலாம் என்பது நம் நாட்டு ஆய்வுக்கூடம் கண்ட உண்மை.

அடுத்தது எள். தோல் நீக்காத எள்ளில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 1000 மில்லிகிராம் அளவு சுண்ணாம்புச் சத்து உள்ளது. அதன் தோலிலுள்ள ஆக்சாலேட் என்னும் பொருள் அச்சத்து முழுவதும் உடலில் சேராமல் ஓரளவு தடுக்கும். எனினும் வறுத்துப் பொடித்து உண்டால் முழு எள்ளைக் காட்டிலும் எளிதாகச் செரிக்கும். தேங்காய் சுவை மிக்கது. ஆயினும் அதன் கொழுப்புப் பெரும்பாலும் நிறைவுற்ற வகை. ஆகவே தாத்தாவின் தட்டில் அதைக் குறைத்து, கடலையையும் எள்ளையும் கூட்டுவது நன்று.

உருகி நீளும் தன்மைக்கு என் செய்வது? பாலாடைக்கட்டி சூட்டில் நீள்வதற்குக் காரணம் கேசின் புரத வலை. தாவரப் பொருள்களில் அவ்வலை இல்லை. ஆனால் மரவள்ளிக் கிழங்கு மாவு சூட்டில் பசைபோல் இழுபடும். சேலத்தார் அம்மாவினால்தான் ஜவ்வரிசி செய்கின்றனர். அதில் ஒரு கரண்டி போதும். கடலை விழுது பாலேடுபோல் திரண்டு, காய்களைப் பிணைத்து நிற்கும்.

வீட்டில் செய்யும் முறை

நான்கு பேருக்குப் போதுமான அளவு கீழே தரப்பட்டுள்ளது. மின்னடுப்போ ஓவனோ வேண்டியதில்லை. கனமான தோசைக்கல்லும் அதை மூடும் தட்டும் போதும்.

அப்பம்: 250 கிராம் கோதுமை மாவுடன் ஒரு தேக்கரண்டி உலர்ந்த ஈஸ்ட், அரைத் தேக்கரண்டி சர்க்கரை, கால் தேக்கரண்டி உப்பு, இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெய் சேர்த்து, வெதுவெதுப்பான நீர் விட்டு மென்மையாகப் பிசையவும். ஈரத்துணியால் மூடி ஒரு மணிநேரம் வைத்தால் மாவு இருமடங்காகப் பொங்கும். நான்கு உருண்டைகளாக்கி, சற்றுக் கனமாகத் தட்டிக்கொள்ளவும். ஈஸ்ட் கிடைக்காவிடில் கெட்டியான தோசை மாவே போதுமானது. ஊத்தப்பமும் பீட்சாவும் உறவினர்களே அன்றோ!

தக்காளிச் சாறு: அரைக் கிலோ பழுத்த தக்காளியைப் பொடியாக அரிந்து, தட்டிய பூண்டு ஐந்து பல், நறுக்கிய வெங்காயம் ஒன்று ஆகியவற்றுடன் சிறிது எண்ணெயில் வதக்கவும். நீர் வற்றிக் கெட்டியாகும்வரை சிறு தீயில் வைத்து, கால் தேக்கரண்டி உப்பும் ஓமவல்லி இலை நான்கைந்தும் கிள்ளிப் போடவும். ஒரிகானோவைத் தேடி அலைய வேண்டாம். கற்பூரவல்லி என்றும் வழங்கும் இந்த ஓமவல்லியில், ஒரிகானோவுக்கு மணம் தரும் கார்வக்ரால் என்னும் அதே பொருள் உள்ளது.

வேர்க்கடலைப் பாலேடு: 100 கிராம் பச்சை வேர்க்கடலையை இரவில் ஊறவைத்து, காலையில் தோல் நீக்கிப் பத்து நிமிடம் வேகவைத்தால் பச்சை வாடை அகலும். அந்நீரை வடித்துவிட்டு, இரண்டு பல் பூண்டும் ஒரு தம்ளர் புது நீரும் சேர்த்து வெண்ணெய்போல் அரைக்கவும். ஒரு மேசைக்கரண்டி மரவள்ளி மாவும் கால் தேக்கரண்டி உப்பும் கலந்து, அடிபிடிக்காமல் கிளறி ஐந்து நிமிடம் காய்ச்சவும். இறக்கி ஆறியபின் அரை மூடி எலுமிச்சைச் சாறு பிழிந்தால் இளம் புளிப்பு வந்து சேரும். இது அன்றன்று செய்து அன்றன்றே உண்ணத்தக்கது.

எள்ளுத் தூவல்: மூன்று மேசைக்கரண்டி எள்ளையும் இரண்டு மேசைக்கரண்டி பொட்டுக்கடலையையும் ஒரு காய்ந்த மிளகாயையும் வெறும் வாணலியில் வறுத்து, ஒரு பல் பூண்டுடன் கொரகொரப்பாகப் பொடிக்கவும்.

இனி, சூடான தோசைக்கல்லில் அப்பத்தை இட்டு, ஒருபுறம் இரண்டு நிமிடம் வெந்ததும் திருப்பவும். வெந்த பக்கத்தின்மேல் தக்காளிச் சாற்றைத் தடவி, பாலேட்டை ஆங்காங்கே கரண்டியால் இடவும். மெல்லியதாக அரிந்த குடைமிளகாய், வெங்காயம், ஒரு பிடி முருங்கைக் கீரை ஆகியவற்றைப் பரப்பவும். மூடியிட்டுச் சிறு தீயில் ஆறேழு நிமிடம் வைத்து எடுத்து, எள்ளுத் தூவலைத் தூவிப் பரிமாறவும். மீன் உண்ணும் குடும்பத்தினர் வறுத்த நெத்திலியைச் சேர்க்கலாம். வெள்ளிக்கிழமைச் சுத்தபோசனத்துக்கு அது தடையன்று. முள்ளோடு உண்ணும் சிறு மீனில் சுண்ணாம்புச் சத்தும் மிகுதி.

கடலை சேராதவர்க்குச் சோயா பன்னீர் எனப்படும் டோஃபுவை உதிர்த்து, எலுமிச்சைச் சாறும் மிளகுத்தூளும் கலந்து இடலாம். இரண்டும் வேண்டாம் என்போர் பூண்டு மிகுந்த தக்காளிச் சாற்றை மட்டும் தடவி, நேப்பிள்ஸ் நகரத்தாரைப் போலவே உண்ணட்டும்.

கடையில் வாங்குவோர் கவனத்திற்கு

பால் கலவாத பாலாடைக்கட்டி என்று சில பொட்டலங்கள் இப்போது விற்பனைக்கு வருகின்றன. பாலில்லை என்பதாலேயே அவை உடல்நலம் தருவன என்று கருதிவிடலாகாது. அவற்றுட் பல, தேங்காய் எண்ணெயும் மாவும் உப்பும் சேர்ந்த கலவைகள். புரதம் மிகச் சிறிதே இருக்கும். பொட்டலத்தின் பின்புறத்தில் அச்சிட்ட புரதம், நிறைவுற்ற கொழுப்பு, உப்பு ஆகியவற்றின் அளவைப் படித்துப் பார்த்தே வாங்குக.

முழுதும் தாவரப் பொருள்களால் ஆன வீகன் உணவுகளுக்கென்று 2022ஆம் ஆண்டில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் தனி விதிகளை வெளியிட்டு, அவற்றுக்கென ஒரு முத்திரையும் வகுத்துள்ளது. பச்சைப் புள்ளி இட்ட சைவ உணவில் பால் இருக்கக்கூடும் என்பதை மறவாதீர். பால் ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு அப்புள்ளி மட்டும் காப்பாகாது. சில உணவுச்சாலைகளில் இடப்படும் மலிவான ‘சீஸ்’, பாற்கொழுப்புக்கு மாறாகப் பனை எண்ணெய் சேர்த்ததாகவும் இருக்கலாம். ஆயினும் அதிலும் பாற்புரதம் கலந்திருக்கக்கூடும். கேட்டறிந்து உண்பதில் கூச்சம் வேண்டாம்.

அன்னையர் மறவாதிருக்க

மூன்று செய்திகளைச் சொல்லாமல் விடுவது தகாது. முதலாவது, வேர்க்கடலையும் சிலருக்கு, அரிதாக எனினும், கடும் ஒவ்வாமை தரும். விருந்துக்கு வரும் பிள்ளைகளின் பெற்றோரிடம் முன்னரே விசாரித்துக்கொள்க. பூஞ்சை பிடித்ததும் சுருங்கியதும் நிறம் மாறியதுமான கடலையைப் பொறுக்கி எறிந்துவிடுக. அப்பூஞ்சையில் தோன்றும் அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சு ஈரலைக் கெடுக்கும். வேகவைத்தாலும் அது முழுமையாக அழியாது.

இரண்டாவது, ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பாலுக்கு மாற்றாகக் கடலைப் பாலையோ பாதாம் பாலையோ தருதல் கூடாது. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் ஒன்றே போதும்.

மூன்றாவது, பாலை முற்றிலும் விலக்கும் பிள்ளைக்கு அதன் சத்துகளை வேறு வழியில் ஈடுசெய்தாக வேண்டும். வளர்ந்தவர் ஒருவருக்கே நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்துத் தேவை என்பது நம் நாட்டு மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் உள்ளது. முருங்கைக் கீரை, அகத்திக் கீரை, கறிவேப்பிலை, சிறு மீன் ஆகியனவும் கைகொடுக்கும். பி12 என்னும் வைட்டமின் தாவரங்களில் இல்லை. முட்டை, மீன், இறைச்சி உண்போர் அதனை அவற்றிலிருந்து பெறுவர். அவையும் உண்ணாதார் மருத்துவரைக் கலந்து கொள்க.

ஒரே தட்டு

உணவைக் குறித்த சச்சரவு திருச்சபைக்குப் புதிதன்று. இறைச்சி உண்போரும் மரக்கறி மட்டும் உண்போரும் உரோமைச் சபையில் ஒருவரை ஒருவர் தாழ்வாக எண்ணியபோது, புனித சின்னப்பர் அவர்களுக்கு எழுதிய திருமடலில் அதைக் கண்டித்தார். எவன் எதை உண்கிறான் என்பதைக் காட்டிலும், உண்ணும் முறையால் சகோதரனின் மனம் புண்படாதிருத்தலே மேலானது என்பது அவர் கற்பித்த நெறி.

அந்நெறி நம் விருந்துக்கும் பொருந்தும். பால் சேராத பிள்ளைக்கென ஓர் ஓரத்தில் தனித் தட்டு வைப்பதும் அன்புதான். ஆனால் அப்பிள்ளையும் உண்ணக்கூடிய ஒன்றையே அனைவருக்கும் சமைத்து, நடுவில் ஒரே தட்டாக வைப்பது அதனினும் பெரிய அன்பு. அப்பொழுது அவன் விலக்கப்பட்டவன் அல்லன். அவனுக்காக மற்றவர் எதையோ இழந்தவரும் அல்லர்; பாட்டி அரைத்த கடலையின் சுவையைப் புதிதாகக் கண்டவர்களே ஆவர். உப்பும் கொழுப்பும் குறைந்த அத்தட்டில் தாத்தாவும் தயங்காமல் கைவைப்பார்.

அருமைப் பெற்றோரே, வரும் தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் இதைச் செய்து பாருங்கள். பிள்ளைகளையும் மாவு பிசையவும் கடலை தோலுரிக்கவும் அழையுங்கள். பாலையும் வெண்ணெயையும் துறந்து நோன்பு காத்த நம் விசுவாச முன்னோரைப் பற்றி அப்போது அவர்களுக்குக் கூறுங்கள். மிச்சப்படும் பணத்தை உண்டியில் இட்டு ஏழைகளுக்கு அளியுங்கள். ஒறுத்தலும் பகிர்தலும் உடல்நலமும் ஒருங்கே அமையும் அந்த உணவை, ஆண்டவர் நிச்சயம் ஆசீர்வதிப்பார்.